அலிகர் மகளிர் கல்லூரி: மூடுபல்லக்கில் தொடங்கிய கல்விப் பயணம்

+2 தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் பள்ளிவாசல்களில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கூட்டம் கலையும் வரை காத்திருக்கும் தகப்பனார் ஒருவர் இமாமை ஓரமாக அழைத்துச் செல்வார். "ஹஜ்ரத், பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருக்கு. வெளியூர் காலேஜ்ல சேர்க்கணும்னு அழுகுது. ஒரு குமரை ஹாஸ்டல்ல விட்டுட்டு நாங்க எப்படி நிம்மதியாத் தூங்குறது?" என்று கேட்பார்.

இந்தக் கேள்வியைக் கேட்பவரை நாம் குறை சொல்லக் கூடாது. மகள் மீதுள்ள பாசமும் பொறுப்பும்தான் அவரைக் கேட்க வைக்கிறது. ஆனால் இது புதிய கேள்வி அல்ல. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்பு, வட இந்தியாவில் அலிகர் நகரத்துத் தகப்பன்மார்கள் இதையேதான் கேட்டார்கள். அதற்கு ஒரு கணவனும் மனைவியும் சொன்ன பதில்தான் இன்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாக நிற்கிறது. அந்தப் பதிலை அவர்கள் வாயால் சொல்லவில்லை, ஏற்பாட்டால் சொன்னார்கள். நமது பெற்றோர்களும் ஜமாஅத் பொறுப்பாளர்களும் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

ஆண்களுக்கு மட்டும் திறந்த கதவு

1857 கிளர்ச்சிக்குப் பிறகு வட இந்திய முஸ்லிம்கள் அரசு வேலையிலும் கல்வியிலும் பின்தங்கிப் போனார்கள். அந்நிலையை மாற்ற எண்ணிய சர் சையித் அஹ்மத் கான் 1875ல் அலிகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1877ல் அது முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியாக உயர்ந்தது. முஸ்லிம் சமுதாயத்தின் நவீனக் கல்விக்கு அதுவே தலைவாசல்.

ஆனால் அந்த வாசலில் பெண்களுக்கு இடம் இல்லை. சர் சையித் பெண்கள் அறிவு பெறுவதற்கு எதிரானவர் அல்ல. வீட்டுக்குள் மார்க்கமும் நல்லொழுக்கமும் கற்கும் பழைய முறையே அவர்களுக்குப் போதும், முதலில் ஆண்கள் படிக்கட்டும், படித்த ஆண்கள் வந்தால் பெண்கள் கல்வியும் தானாக வரும் என்பது அவரது கருத்து. 1882ல் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவின் முன்னும் அவர் இந்த நிலைப்பாட்டையே எடுத்து வைத்தார். 1898ல் காலமாகும் வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய கல்லூரியிலேயே படித்த மாணவர்கள் சிலர் இதை ஏற்கவில்லை. ஆண்கள் படித்து வெளியே வந்த பின்னும் பெண்கள் கல்வி தானாக வரவில்லை என்பதை அவர்கள் தங்கள் வீடுகளிலேயே கண்டார்கள். 1896ல் முஹம்மதன் கல்வி மாநாட்டில் பெண்கள் கல்விக்கென்று தனிப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. சில ஆண்டுகள் அது பெயரளவில்தான் இருந்தது. 1902ல் ஓர் இளம் வழக்கறிஞர் அதன் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். அவர்தான் ஷேக் அப்துல்லாஹ்.

பாபா மியானும் ஆலா பீயும்

காஷ்மீர் அரசியல் தலைவர் ஷேக் அப்துல்லாஹ் வேறு, இவர் வேறு. இவரும் காஷ்மீரின் பூஞ்ச் பகுதியைச் சேர்ந்தவர்தான். 1874ல் பிராமணக் குடும்பம் ஒன்றில் பிறந்து, இளமையில் இஸ்லாத்தைத் தழுவினார். அலிகருக்கு வந்து பட்டமும் சட்டமும் படித்து அங்கேயே வக்கீல் தொழிலில் அமர்ந்தார்.

1902ல் டெல்லியைச் சேர்ந்த வஹீத் ஜஹான் பேகத்தை மணந்தார். வஹீத் ஜஹான் எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. தகப்பனார் வீட்டிலேயே கற்றுக்கொடுத்த கல்விதான். அந்தக் கல்வியின் அருமையை உணர்ந்திருந்ததால், அது கிடைக்காத மற்றப் பெண்களின் குறையையும் உணர்ந்திருந்தார். பிற்காலத்து மாணவிகள் இவரை 'ஆலா பீ' என்றும் கணவரை 'பாபா மியான்' என்றும் அழைத்தார்கள்.

1904ல் ஷேக் அப்துல்லாஹ் 'காத்தூன்' என்ற உருது மாத இதழைத் தொடங்கினார். பெண்கள் கல்வி ஏன் வேண்டும், எப்படி வேண்டும் என்பதே அதன் பேச்சு. பள்ளி தொடங்கும் முன்பே பெண்கள் செய்த தையல், பூவேலைப் பொருட்களின் கண்காட்சியும் பெண்களுக்கான கூட்டமும் அலிகரில் நடந்தன. அந்தக் கூட்டங்களில் குடும்பத்துப் பெண்களைச் சந்தித்துப் பேசியவர் வஹீத் ஜஹான். கணவர் ஆண்களின் சபையில் வாதாடினார், மனைவி அந்தப்புரங்களில் பேசிப் புரிய வைத்தார். இந்த இரண்டாவது வேலை நடந்திராவிட்டால் முதலாவது வேலை பலன் தந்திருக்காது.

மார்க்கம் தடுத்ததா?

பெண்கள் கல்வியை மார்க்கம் தடுத்தது, நவீனம் கொடுத்தது என்று சிலர் எளிதாக எழுதிவிடுகிறார்கள். அக்கால வரலாறு அப்படி இல்லை. தேவ்பந்தில் ஓதிய மவ்லவி சையித் மும்தாஸ் அலி தமது மனைவி முஹம்மதி பேகத்துடன் சேர்ந்து 1898ல் லாகூரிலிருந்து 'தஹ்ஸீபுன் நிஸ்வான்' என்ற பெண்கள் வார இதழைக் கொண்டுவந்தார். அதன் ஆசிரியர் முஹம்மதி பேகம்தான். பெண்கள் தாங்களே படித்து மார்க்கத்தை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மவ்லானா அஷ்ரஃப் அலி தானவி (ரஹ்) 'பஹிஷ்தி ஸேவர்' எழுதியதும் இதே காலகட்டம்தான்.

அதற்கும் முந்திய ஆதாரம் நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே இருக்கிறது. ஆண்கள் எப்போதும் சூழ்ந்திருப்பதால் எங்களுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை, எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று ஸஹாபியப் பெண்கள் கேட்டபோது, நபியவர்கள் ஒரு நாளை ஒதுக்கி அவர்களுக்கு உபதேசம் செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் கல்வி பற்றிய பாடத்திலேயே இது பதிவாகியுள்ளது. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற ஸஹாபியப் பெண்மணி எழுதக் கற்றுக்கொடுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

அந்தப் பெண்களின் கோரிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கற்கலாமா என்று அவர்கள் கேட்கவில்லை. கற்பதற்கு ஏற்ற ஏற்பாடு வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அந்த ஏற்பாட்டைச் செய்வது பொறுப்பில் இருப்பவரின் கடமையாயிற்று. அலிகரில் நடந்ததும் இதுதான்.

அச்சத்துக்கு ஓர் ஏற்பாடு

முதலில் பெண் ஆசிரியைகளை உருவாக்க ஒரு பயிற்சிப் பள்ளி வைக்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் ஆசிரியைப் பயிற்சிக்கு வரக்கூடிய அளவு எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே கிடைக்கவில்லை. எனவே அடியிலிருந்து தொடங்க முடிவாயிற்று. 1906 அக்டோபரில் அலிகர் நகருக்குள் ஒரு வாடகை வீட்டில் சிறுமிகளுக்கான பள்ளி திறக்கப்பட்டது. வந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சிறுமிகள். டெல்லியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆசிரியை ஒருவர். குர்ஆன், உருது, கணக்கு, தையல் ஆகியவை பாடங்கள்.

பெற்றோர்களின் முதல் அச்சம், ஆண் ஆசிரியர் முன்னால் மகள் உட்காருவதா என்பது. அதற்காகவே ஓர் ஆசிரியையைத் தேடிப் பிடித்தார்கள். இரண்டாவது அச்சம் தெரு. வீட்டிலிருந்து பள்ளி வரை பிள்ளை எப்படி வருவாள்? பள்ளிச் செலவிலேயே மூடுபல்லக்குகள் ஏற்பாடு செய்யப்பட்டன. பல்லக்குத் தூக்கிகள் வீட்டு வாசலில் இருந்து சிறுமிகளை ஏற்றி வந்து பள்ளி முற்றத்தில் இறக்கினார்கள். இன்றைய பள்ளி வேனுக்கு அதுதான் அன்றைய வடிவம். மூன்றாவது அச்சம், பள்ளிக்குப் போனால் மார்க்கம் போய்விடும் என்பது. குர்ஆன் ஓதக் கற்பதே முதல் பாடமாக வைக்கப்பட்டது.

செலவுக்கு உதவியவர் ஒரு பெண் ஆட்சியாளர். போபால் சமஸ்தானத்தின் நவாப் சுல்தான் ஜஹான் பேகம் மாதம் 100 ரூபாய் மானியம் அளித்தார். முகத்திரை அணிந்தபடியே ஆட்சி நடத்தியவர் அவர். திரைக்கும் திறமைக்கும் பகை இல்லை என்பதற்கு அவரே சான்றாக இருந்தார். பின்னர் அரசு மானியமும் கிடைத்தது. நகருக்கு வெளியே இடம் வாங்கி, 1911ல் விடுதிக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

ஆலா பீ குடியேறிய விடுதி

விடுதி என்றதும் எதிர்ப்பு வலுத்தது. பகலில் வந்து போவதற்கே தயங்கியவர்கள் இரவில் மகளை வெளியே தங்க வைப்பார்களா? ஆண்கள் கல்லூரி இருக்கும் ஊரில் பெண்கள் விடுதியா என்று கல்லூரி வட்டாரத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. ஷேக் அப்துல்லாஹ் விடுதியைச் சுற்றி உயர்ந்த மதில் எழுப்பினார். மதில் மட்டும் போதாது என்பதை வஹீத் ஜஹான் அறிந்திருந்தார். மதிலுக்குள் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தாய்மார்களின் கேள்வி.

1914 மார்ச்சில் போபால் பேகம் நேரில் வந்து விடுதியைத் திறந்து வைத்தார். முதலில் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். வஹீத் ஜஹான் தமது பிள்ளைகளுடன் அந்த விடுதியிலேயே வந்து தங்கினார். மாணவிகளுக்கு என்ன சமையல், யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டை நினைத்து அழுகிறாள் என்று எல்லாவற்றையும் அவரே கவனித்தார். தம் மகள்களையும் அதே பள்ளியில் படிக்க வைத்தார். "உங்கள் மகளை அனுப்புங்கள்" என்று சொன்னவர், தம் மகளையும் அங்கேயே வைத்திருந்தார். இதைவிடப் பெரிய உத்தரவாதம் எந்தத் தாய்க்கும் தேவைப்படவில்லை. விடுதியில் சேருவோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடியது.

பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

1920ல் சட்டம் இயற்றப்பட்டு அலிகர் கல்லூரி முஸ்லிம் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் அதே போபால் பேகம் சுல்தான் ஜஹான். விசித்திரமான நிலை அது: பல்கலைக்கழகத்தின் தலைமைப் பதவியில் ஒரு பெண், ஆனால் பெண்கள் சேர்ந்து படிக்க அங்கே பட்ட வகுப்பு இல்லை.

அந்த இடைவெளியை ஷேக் அப்துல்லாஹ்வின் பள்ளி படிப்படியாக நிரப்பியது. 1920களில் உயர்நிலைப் பள்ளியாகவும், அடுத்து இண்டர்மீடியட் கல்லூரியாகவும் வளர்ந்தது. 1930களில் பட்ட வகுப்புகள் தொடங்கப்பட்டு, பல்கலைக்கழகத்தின் அங்கமான மகளிர் கல்லூரி ஆனது. மூடுபல்லக்கில் வந்த சிறுமிகளின் பள்ளி, பல்கலைக்கழகப் பட்டம் தரும் கல்லூரியாவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

வஹீத் ஜஹான் 1939ல் காலமானார். மனைவியின் வாழ்க்கை வரலாற்றை ஷேக் அப்துல்லாஹ் உருதுவில் நூலாக எழுதினார். அவர்களின் மகள் ரஷீத் ஜஹான் மருத்துவராகவும் உருது எழுத்தாளராகவும் அறியப்பட்டவர். மற்றொரு மகள் மும்தாஸ் ஜஹான் அந்தக் கல்லூரியின் முதல்வராக நீண்ட காலம் பணியாற்றினார். உருது இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்ற இஸ்மத் சுக்தாயும் அலிகரில் படித்தவரே. ஷேக் அப்துல்லாஹ்வுக்கு 1964ல் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவரும் இறையடி சேர்ந்தார். இன்றும் அங்குள்ளவர்கள் அதை 'அப்துல்லாஹ் கல்லூரி' என்றே அழைக்கிறார்கள். கலை, அறிவியல், வணிகப் பாடங்களில் ஆயிரக்கணக்கான மாணவிகள் அங்கே படிக்கிறார்கள்.

மதில் தந்த படிப்பினை

இந்த வரலாற்றில் பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. 1906லும் 1914லும் எழுப்பிய மதில் பெண்களை உள்ளே கொண்டுவர உதவியது. காலம் மாறியபோது அதே மதில் சில இடங்களில் தடையாகவும் ஆனது. பல்கலைக்கழகத்தின் மையமான மவ்லானா ஆசாத் நூலகத்தில் மகளிர் கல்லூரியின் இளநிலை மாணவிகளுக்கு உறுப்பினர் வசதி இல்லாமல் இருந்தது. இடநெருக்கடி காரணமாகச் சொல்லப்பட்டது. 2014ல் விவகாரம் நாடு முழுவதும் பேசப்பட்டு, அலகாபாத் உயர்நீதிமன்றம் வரை சென்ற பிறகே அவர்களுக்கு நூலகத்தின் கதவு திறந்தது.

பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு பாதுகாப்புக்காகவே இருக்க வேண்டும். அதுவே பிள்ளையின் அறிவுக்கு எல்லைக் கோடாகிவிடக் கூடாது. ஷேக் அப்துல்லாஹ் பல்லக்கை ஏற்பாடு செய்தது பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவரத்தான், பல்லக்கிலேயே வைத்திருக்க அல்ல.

2024 ஏப்ரலில் இன்னொரு கதவும் திறந்தது. பேராசிரியர் நயீமா காத்தூன் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நியமிக்கப்பட்டார். பல்கலைக்கழகம் தொடங்கி நூறாண்டுகளுக்கும் மேலான வரலாற்றில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதற்கு முன் அவர் வகித்த பொறுப்பு மகளிர் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு.

நம் தமிழகத்தில்

தமிழ் முஸ்லிம்களிடம் பெண்கள் ஓதும் மரபு புதிதல்ல. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருந்தன. அரபுத்தமிழில் பெண்கள் படித்தார்கள், எழுதினார்கள். கீழக்கரை சையித் ஆசியா உம்மா பாடல்கள் இயற்றினார். ஆனால் அந்த மரபு கல்லூரி வரை நீளவில்லை. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். 1938ல் அவர் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அலிகரில் முஸ்லிம் பெண்கள் பட்டம் படித்துக்கொண்டிருந்த அதே காலம் அது. அந்தத் திறமைக்கு இங்கும் ஒரு கல்லூரி இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர் நீதிபதி பஷீர் அஹமது சயீத். அவருடைய முயற்சியால் 1955ல் சென்னை தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1988ல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்தது. எங்கள் பக்கத்தில் விருதுநகர் வே.வ.வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962லும், சிவகாசி ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968லும் தொடங்கப்பட்டவை. இவை பிற சமுதாயத்துச் சகோதரர்கள் உருவாக்கியவை, எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் படிப்பவை. காலையில் பஸ் ஏறி மாலையில் வீடு திரும்பும் தூரத்தில் பெண்களுக்கென்றே கல்லூரிகள் இருக்கும்போது, பாதி அச்சத்துக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

பட்டாசு மண்ணில் ஒரு கேள்வி

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு உண்மையையும் பேச வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளில் விடியற்காலையில் ஊர் ஊராக வேன்கள் வருகின்றன. பட்டாசு ஆலைகளுக்கும் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் பெண்களை ஏற்றிச் செல்கின்றன. கடன், வறுமை, மருத்துவச் செலவு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தப் பகல் இந்த மண்ணில் யாருக்கும் மறக்காது.

வேலைக்குப் போகும் எவரையும் குறைவாகப் பேசுவது நம் நோக்கமல்ல. ஹலாலான உழைப்புக்குக் கண்ணியம் உண்டு. ஆனால் மருந்து கலக்கும் இடத்துக்கு மகள் வேனில் போகும்போது "குமரை எப்படி அனுப்புவது" என்று நாம் கேட்பதில்லை. புத்தகப் பையோடு பஸ்ஸில் போகும்போது மட்டும் கேட்கிறோம். இதைப் பெற்றோர்கள் ஒரு கணம் நிதானித்து யோசிக்க வேண்டும்.

பணம் தடையாக இருந்தால் சில வழிகள் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியர் மேற்படிப்பில் சேர்ந்தால், 2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. பின்னர் இத்திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குத் தமிழகத்தில் 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கான சாதிச் சான்றிதழை +2 முடிவு வரும் முன்பே வாங்கி வைப்பது நல்லது. சேர்க்கை நேரத்தில் அலைந்து இடத்தைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு.

ஜமாஅத்துகளும் அலிகரின் முறையைப் பின்பற்றலாம். மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசுவதோடு நிறுத்தாமல், நமது மஹல்லாவில் இந்த ஆண்டு +2 முடித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்கு என்ன தடை என்று ஒரு பட்டியல் எடுக்கலாம். வாகனம் தடையென்றால் நாலு வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒரு வேன் பேசலாம். கட்டணம் தடையென்றால் ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஜகாத்திலிருந்தே உதவலாம். விடுதி குறித்துப் பயம் என்றால், மஹல்லாவின் மூத்த பெண்கள் இருவர் தாயோடு சென்று விடுதியை நேரில் பார்த்து வரலாம். ஆலா பீ செய்தது இதைவிடப் பெரிய வேலை.

ஜும்ஆவுக்குப் பின் ஓரமாக அழைத்துக் கேட்கும் அந்தத் தகப்பனாருக்கு இனி நாம் "படிக்க வையுங்கள் பாய்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டாம். "எந்தக் கல்லூரி, எந்த பஸ், எவ்வளவு கட்டணம்? வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்வோம்.

நம் பெண்மக்களுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்கான பாதையைச் செப்பனிடும் நல்லெண்ணத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.